மொறிஸ் மைனர் ஸ்ராட் ஆகுதில்லை, அவசரம் (திருகோணமலை)

உவர்மலைப்_பெடியன்:
அண்ணைமார், அப்பாவின்ர கார் கனகாலமாக் கொட்டிலுக்க நிண்டது. புதுப் பற்றரி போட்டும் ஸ்ராட் ஆகுதில்லை. தங்கச்சிக்குக் கலியாணம் வருது. பொம்பிளையை அதிலதான் கோணேசர் கோவிலுக்கு ஏத்திக்கொண்டு போகவேணும் எண்டு அப்பா நிக்கிறார். கெதியா ஒரு வழி சொல்லுங்கோ.

நிலாவெளிக்_காத்து:
என்ன மொடல் தம்பி? எவ்வளவு காலம் நிண்டது? இஞ்சின் சுத்துதா, இல்லாட்டி டிக் எண்டுபோட்டு நிக்குதா?

மூதூர்_அக்கா:
ராங்கில கிடக்கிறது பழைய பெற்றோலோ?

பிஸ்ரன்_மாஸ்டர்:
'ஸ்ராட் ஆகுதில்லை' எண்டு மட்டும் எழுதினா ஆர் சொல்லுறது? எத்தினையோ தரம் இஞ்ச சொல்லியாச்சு. பெற்றோல், நெருப்பு, காத்து. மூண்டில எது இல்லையெண்டு பார்க்கத் தெரியாட்டி பொனற்றைத் திறக்கக்கூடாது.

உவர்மலைப்_பெடியன்:
மைனர் 1000. 2009க்குப் பிறகு ஓடேல்லை. சுத்துது, பத்துதில்லை. பழைய பெற்றோலுக்கு மேல புதுசு ஊத்தினனான்.

கிண்ணியா_வோல்ட்:
தம்பி, பெட்டரிய எந்தப் பக்கம் கொடுத்தீங்க? மைனர் பொசிட்டிவ் எர்த், பொசிட்டிவ் பக்கத்ததான் பொடியில கொடுக்கணும். இப்ப உள்ள ஆக்கள் பழக்கத்துல நெகட்டிவ்வ பொடியில கொடுத்துடுவாங்க. இது நிச்சயமா அதுதான்.

நிலாவெளிக்_காத்து:
மாறிக் குடுத்தாலும் ஸ்ராட்டர் அதே பக்கம்தான் சுத்தும். கொயிலில நெருப்பு நலியும், டைனமோவுக்குக் கேடு. அதைப் பார்க்கத்தான் வேணும், ஆனா முதல்ல பம்பைக் கேளுங்கோ. சாவியைத் திருப்பினவுடன பொனற்றுக்குள்ள, டாஷ் பக்கத் தகட்டில இருக்கிற எஸ்.யூ. பெற்றோல் பம்ப் டிக் டிக் எண்டு அடிச்சு, காபரேற்றர் நிரம்பினதும் நிக்கவேணும். சத்தமே இல்லாட்டி உள்ளுக்க கரண்ட் தொடுற பொயின்ற் பூத்துப்போச்சு. எங்கட கடற்காத்துக்கு அது வழமை. ஸ்குரூ டிரைவர் பிடியால மெல்லத் தட்டினா அடிக்கத் தொடங்கும். பிறகு மூடியைக் கழட்டிப் பொயின்ற்றைத் துடைச்சு விடுங்கோ, தட்டினதை நம்பிக் கலியாணத்துக்குப் போகேலாது.

மூதூர்_அக்கா:
தட்டமுதல் பழைய பெற்றோலை முழுக்க இறக்குங்கோ. அத்தனை வருசத்தில அது பசையாகியிருக்கும், பம்பும் காபரேற்றர் ஜெற்றும் அடைச்சுப்போகும். பிளக்கைக் கழட்டி ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு, இஞ்சினைக் கையால சுத்திப் பாருங்கோ. சிலிண்டர் காஞ்சு கிடக்கும்.

தம்பலகாமம்_றைடர்:
இவ்வளவு பாடு எதுக்கு? நிசான் இஞ்சின் ஒண்டைத் தூக்கி வையுங்கோ. ஏ.சி.யும் போடலாம்.

பிஸ்ரன்_மாஸ்டர்:
இதைத்தான் நான் சகிக்கமாட்டன். மைனரின்ர இஞ்சின் ஏ-சீரிஸ், மினிக் காருக்கும் அந்தக் குடும்பம்தான். சாமான் கொழும்பு பஞ்சிகாவத்தையில இண்டைக்கும் எடுக்கலாம். 1990களில இலங்கையில மைனருக்கு உதிரிப்பாகம் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பினவை. அப்பிடியான நாட்டில இருந்துகொண்டு இஞ்சினைப் பிடுங்கி எறியிறதோ?

தம்பலகாமம்_றைடர்:
அண்ணை, என்ர மைனர் நிசான் இஞ்சினோட கொழும்புக்குப் போய்வருது. உங்கடது கொட்டிலுக்க நிக்குது. கார் ஓடுறதுக்குத்தானே?

பிஸ்ரன்_மாஸ்டர்:
என்ரதும் ஓடுது, கந்தளாய் மட்டும். இஞ்சின் மாத்தினா காரின்ர பதிவுப் புத்தகத்தில இஞ்சின் இலக்கமும் மாத்தவேணும், அதையும் சொல்லிக்குடுங்கோ.

மூதூர்_அக்கா:
சண்டையைப் பிறகு பிடியுங்கோ. கலியாணக் கார் எண்டபடியாச் சொல்லுறன்: இது ஸ்ராட் ஆகாட்டி ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்காது, நிக்காட்டித்தான் நடக்கும். பிறேக் ஒயில் ஈரத்தை இழுக்கும், இத்தனை வருசத்தில வீல் சிலிண்டர் உள்ளுக்க கறள் பிடிச்சிருக்கும். மாஸ்டர் சிலிண்டர் டிரைவரின்ர காலடித் தகட்டுக்குக் கீழ இருக்கு, அதையும் கழட்டிப் பாருங்கோ. கோட்டைக்குள்ளால கோவிலுக்கு ஏறினா அதே இறக்கத்தில சனத்துக்கு நடுவால இறங்கவேணும். ரயரும் பழசெண்டா மாத்துங்கோ, பார்வைக்கு நல்லாத்தான் இருக்கும், பக்கம் வெடிச்சிருக்கும்.

நிலாவெளிக்_காத்து:
அக்கா சொல்லுறதை முதல்ல செய்யுங்கோ தம்பி. தம்பி? இருக்கிறீங்களோ?

உவர்மலைப்_பெடியன்:
பம்ப்தான். பழசை இறக்கிப்போட்டுத் தட்டினவுடன அடிச்சது, ஸ்ராட் ஆகிட்டுது. அப்பா கொட்டிலை விட்டு வாறாரில்லை. பிறேக் பெடல் நிலம் மட்டும் போகுது, சிலிண்டர் கொழும்புக்குச் சொல்லியிருக்கு. அது வராட்டித் தங்கச்சி வானிலதான். எல்லாருக்கும் நன்றி.

கிண்ணியா_வோல்ட்:
சந்தோசம் தம்பி. பெட்டரி எந்தப் பக்கம் கொடுத்ததுன்னு இன்னும் சொல்லலியே?