பையன் விலாவில் விரல் தடம் மாதிரி கறுப்புக் கோடுகள், என்னவாக இருக்கும்? (எதிர்சேவைக்கு அப்புறம் வந்தது)

புதூர்க்காரி:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் பதற்றத்தில் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகனுக்கு நாலு வயது. விலாவில் இரண்டு பக்கமும் கறுப்பாகக் கோடு விழுந்திருக்கிறது, பக்கத்துக்கு நாலு. முதுகில் பெரிய பொட்டு மாதிரி இரண்டு. பார்க்கிறவர்கள் எல்லாரும் முதலில் சொல்வது, "இது விரல் தடம்ல?" எனக்கும் அப்படித்தான் தெரிகிறது. யாரோ இறுக்கிப் பிடித்த மாதிரி.

எதிர்சேவை அன்று, அதாவது மதுரைக்கு வரும் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் நாளில், எங்கள் தெருப் பந்தலில் பகல் முழுக்க இருந்தோம். அன்றைக்கு ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் குளிக்க வைக்கும்போது அந்த இடமெல்லாம் சிவந்து கிடந்தது, தண்ணீர் பட்டதும் எரியுது என்று கத்தினான். வேர்க்குரு என்று நினைத்துப் பவுடர் போட்டுவிட்டேன். இரண்டு இடத்தில் சின்னதாகக் கொப்புளம் வந்து தானாக அமுங்கியது. இப்போது பன்னிரண்டு நாள் ஆகிறது. சிவப்பு போய்க் காபிப்பொடி நிறத்தில் கறுத்துவிட்டது. அமுக்கினால் வலிக்கவில்லை என்கிறான். அரிப்பு இல்லை, காய்ச்சல் இல்லை. இன்னொன்று, இடது பக்கம் மேலிருந்து மூன்றாவது கோடு மட்டும் ஒரு இடத்தில் அறுந்த மாதிரி இருக்கிறது. ஏன் என்று புரியவில்லை.

நான் வேலைக்குப் போவதால் பகலில் ஒரு காப்பகத்தில் விடுகிறோம். எனக்குச் சந்தேகம் அங்கே பார்த்துக்கொள்ளும் அம்மா மேல்தான். அத்தைக்குச் சந்தேகம் என் மேல். "கோவத்துல நீ அமுக்கிப் பிடிச்சிருப்ப, மறந்திருப்ப" என்று நேற்று சாப்பாட்டு நேரத்தில் சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரர் இரண்டு பக்கமும் பேசாமல் எழுந்து கை கழுவப் போய்விட்டார். பையனைக் கேட்டால் யாரும் அடிக்கவில்லை என்றுதான் சொல்கிறான். திங்கட்கிழமை காப்பகத்தில் போய்க் கேட்டுவிடலாம் என்று இருக்கிறேன். அதற்கு முன்னால் யாருக்காவது இது என்னவென்று தெரியுமா?

வண்டியூர் ராணி:

திருவிழாக் கூட்டத்தில் எத்தனை கண்ணோ! முதலில் ஒரு எலுமிச்சம்பழம் வாங்கிச் சுற்றி முச்சந்தியில் போடும்மா. கறுப்புக்கும் எலுமிச்சைதான். மூடியைச் சீனியில் தொட்டு வட்டமாகத் தேய்த்து, வெயிலில் பத்து நிமிடம் காயவிட்டுக் கழுவு. என் முழங்கைக் கறுப்பு அப்படித்தான் போனது.

செல்லூர் தம்பி:

அக்கா, காப்பகத்தில் கேமரா இருக்கிறதா என்று கேளுங்கள். சும்மா விடாதீர்கள். வேண்டுமென்றால் நானும் கூட வருகிறேன்.

தெப்பக்குளத்தான்:

வண்டாக இருக்குமோ? சில வண்டு தோலில் நசுங்கினால் அதன் நீர் பட்ட இடம் கோடாகச் சிவந்து கொப்புளம் போடும். மழை நேரத்தில் டியூப்லைட்டுக்கு வருமே, அது. எனக்குக் கழுத்தில் வந்திருக்கிறது. ஆனால் இரண்டு பக்கமும் எண்ணி நாலு நாலு கோடு போடும் வண்டை நான் கேள்விப்பட்டதில்லை.

மாத்திரை எண்ணுபவன்:

திருமங்கலம் பக்கம் மருந்தாளுநர் வேலை பார்க்கிறேன், டாக்டர் இல்லை. முதலில் ராணி அக்கா சொன்னதைச் செய்யாதீர்கள் தங்கச்சி. எலுமிச்சையை அவன் தோல் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். ஏன் என்று அப்புறம் சொல்கிறேன்.

அதற்கு முன் சில கேள்வி. பந்தலில் என்ன கொடுத்தீர்கள்? பழம் பிழிந்தது யார்? பையன் சட்டை போட்டிருந்தானா? சாமி பார்க்க அவனைத் தூக்கியது யார், எப்படித் தூக்கினார்கள்?

புதூர்க்காரி:

அண்ணே, பானகமும் நீர்மோரும். பழம் பிழிந்தது நானும் எங்கள் மதினியும். முந்நூறு பழம், புளியங்குடிப் பழம் என்று மாட்டுத்தாவணியில் மூட்டையாக வாங்கி வந்தார்கள். மரப் பிழிவான் ஐம்பதாவது பழத்திலேயே உடைந்துவிட்டது, மீதி எல்லாம் கையால்தான். தோலோடு அமுக்கி அமுக்கி முழங்கை வரை சாறு வழிந்தது. நிழலில் உட்கார்ந்துதான் பிழிந்தோம்.

பையன் சட்டை போடவில்லை. வெக்கை தாங்காமல் கழற்றிவிட்டான், மேலே தண்ணீர் பீய்ச்சுகிறார்கள் என்று அதில் வேறு நின்றுகொண்டிருந்தான். பதினொரு மணி இருக்கும், அழகர் வர்றார் வர்றார் என்று சத்தம். கையை முந்தானையில் துடைத்துவிட்டு அவனை அக்குளுக்குக் கீழே பிடித்துத் தூக்கிக் காட்டினேன். பின்னாலிருந்து தூக்கினேன், அவன் முகம் ரோட்டுப் பக்கம். பல்லக்கு கடக்கும் வரை அப்படியே தூக்கி வைத்திருந்தேன். அப்புறம் அவன் மறுபடியும் வெயிலில் ஓடிவிட்டான்.

எழுதும்போதே வயிற்றைக் கலக்குகிறது. அது நான்தானா?

மாத்திரை எண்ணுபவன்:

அநேகமாக நீங்கள்தான். ஆனால் அத்தை சொல்லும் அர்த்தத்தில் இல்லை. நீங்கள் அமுக்கியதால் வந்த தடம் இல்லை அது, உங்கள் கையில் இருந்த சாறு வெயில் பட்டுச் சுட்ட தடம்.

எலுமிச்சைச் சாறிலும் அதைவிட அதிகமாகப் பழத்தோலிலும் ஃபியூரோகூமரின் என்று ஒரு வகைப் பொருள் இருக்கிறது. தோலில் பட்டால் சும்மா கிடக்கும், நிழலில் ஒன்றும் செய்யாது. அதன் மேல் வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் விழுந்தால் அந்த இடத்துத் தோலின் செல்களைச் சிதைத்துவிடும். அன்றே தெரியாது என்பதுதான் இதில் மோசம். ஒரு நாள் கழித்துச் சிவக்கும், இரண்டு மூன்று நாளில் உச்சம், சிலருக்குக் கொப்புளம், ஒன்றிரண்டு வாரத்தில் கறுப்பு. உங்கள் கணக்கு அப்படியே பொருந்துகிறது. டாக்டர்கள் இதை பைட்டோபோட்டோடெர்மடைடிஸ் என்பார்கள், பெயர் வாயில் நுழையாது. சாறு எந்த வடிவத்தில் பட்டதோ அந்த வடிவத்திலேயே கறுக்கும். சொட்டினால் சொட்டு, வழிந்தால் கோடு, கை வைத்தால் கை. குழந்தை உடம்பில் விரல் தடம் பார்த்து அடித்துவிட்டார்கள் என்று தவறாக நினைப்பது இதில் நடக்கிற ஒன்றுதான், தோல் மருத்துவப் புத்தகத்திலேயே எச்சரித்திருப்பார்கள்.

ரத்தம் கட்டிய தடம் என்றால் நீலம், பச்சை, மஞ்சள் என்று நிறம் மாறி இரண்டு வாரத்துக்குள் பெரும்பாலும் மறையும். அமுக்கினால் முதல் சில நாளாவது வலிக்கும். இது எரிச்சலில் தொடங்கிக் காபி நிறத்தில் நிற்கிறது.

இரண்டு விஷயம் பாருங்கள். உங்கள் புறங்கையில், கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே கறுத்திருக்கிறதா? உள்ளங்கைத் தோல் தடிமன், அங்கே பெரும்பாலும் வராது. அப்புறம் இடது கையில் மோதிரம் போடுவீர்களா?

புதூர்க்காரி:

அண்ணே, தூங்கிக்கொண்டிருந்தவனைத் திருப்பி, அவன் முதுகுப் பக்கமாக உட்கார்ந்து இரண்டு கையையும் வைத்துப் பார்த்தேன். கட்டை விரல் இரண்டும் அந்தப் பொட்டுகளில் போய் உட்கார்ந்தது. கோட்டுக்கு ஒரு விரல். சுண்டு விரல் கோடு குட்டையாக இருப்பது வரை சரியாக இருக்கிறது. அறுந்த இடம் மோதிரம். கல் வைத்த மோதிரம், அது தூக்கிக்கொண்டு நிற்பதால் பக்கத்துத் தோல் அவன் மேல் படவில்லை போல.

என் புறங்கையிலும் இருக்கிறது. பாத்திரம் தேய்த்த கறுப்பு என்று பத்து நாளாக நாரால் தேய்த்துக்கொண்டிருந்தேன். மதினிக்கு ஃபோன் போட்டேன், அவருக்கு மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஒழுகின மாதிரி ஒரு கோடு. அவரும் யாரிடமும் சொல்லவில்லை.

அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஒன் கைதான, நான் சொன்னேன்ல" என்றார். என்ன சொல்ல!

செல்லூர் தம்பி:

நான் காப்பகத்துக்கு வருகிறேன் என்று சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

மருந்துக்கடைப் பேரன்:

எங்கள் தாத்தா நாட்டு மருந்துக் கடை வைத்திருந்தார். கார்போகரிசி தெரியுமா, குளியல் பொடியில் போடுவார்களே. வெண்புள்ளிக்கு அதை அரைத்துப் பூசி இளவெயிலில் நிற்கச் சொல்வார்கள். அதில் இருக்கும் சோராலனும் எலுமிச்சையில் இருக்கும் இதுவும் ஒரே குடும்பம்தான். ஆஸ்பத்திரியிலும் வெண்புள்ளிக்குச் சோராலன் கொடுத்துப் புற ஊதா ஒளி காட்டும் சிகிச்சை உண்டு. அங்கே அளந்து செய்வதை நீங்கள் முந்நூறு பழத்தோடும் மதுரை வெயிலோடும் செய்திருக்கிறீர்கள். பூசிக்கொண்டு நேரம் பார்க்காமல் நின்று கொப்புளம் போட்டு வந்தவர்களைத் தாத்தா கதையாகச் சொல்வார்.

வண்டியூர் ராணி:

ஐயோ, நான் வெயிலில் காயவிடு என்று வேறு சொன்னேனே! மன்னித்துக்கொள் தாயி. அப்போ முகத்துக்குத் தயிரும் எலுமிச்சையும் போடுகிறோமே, அதுவும் தப்பா? சுற்றிப் போடுவதையாவது விட்டுவைப்பீர்களா தம்பி?

மாத்திரை எண்ணுபவன்:

சுற்றிப் போடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை அக்கா, தோலில் படாமல் சுற்றுங்கள்.

முகத்துக்கு வேண்டாம் என்பதுதான் என் கருத்து. எலுமிச்சைச் சாறின் பி.எச் (இந்த எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 2 பக்கம் இருக்கும், நம் தோல் 5-ஐ ஒட்டி. வெளுத்த மாதிரி முதல் நாள் தெரிவது மேல்தோல் உரிவது. கழுவிவிட்டேனே என்று நினைத்து வெயிலில் போனால் காதோரம், தாடையோரம் ஒட்டியிருந்தது வேலையைக் காட்டும். வைட்டமின் சி என்று கடையில் விற்கும் சீரம் வேறு, பழத்தைத் தேய்ப்பது வேறு.

புதூர்த் தங்கச்சிக்கு: இனிமேல் செய்ய வேண்டியது குறைவு. அந்த இடத்தில் வெயில் படாமல் பருத்திச் சட்டை போடுங்கள், வெளியே போனால் சன்ஸ்கிரீன். தேய்க்காதீர்கள், நாரை உங்கள் கையிலிருந்தும் எடுத்துவிடுங்கள். கறுப்பு போக வாரக்கணக்கு ஆகும், மாதக்கணக்கும் ஆகலாம், தானாகப் போகும். அவசரப்பட்டு மெடிக்கலில் "கறுப்பு போற ட்யூப்" என்று கேட்டு வாங்காதீர்கள். அதில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும், குழந்தைத் தோலில் கூடவே கூடாது. கடைக்கு உள்ளே நிற்பவன் சொல்கிறேன்.

ஒரு தடவை பெரியாஸ்பத்திரி தோல் பிரிவில் காட்டிவிடுங்கள். நான் எழுத்தை வைத்துச் சொல்கிறேன், அவர்கள் கண்ணால் பார்ப்பார்கள். புதிதாக வேறு இடத்தில் தடம் வந்தாலோ பையன் காப்பகம் போக பயந்தாலோ அதை எலுமிச்சை மேல் போட்டு விட்டுவிடாதீர்கள், அது தனியாக விசாரிக்க வேண்டியது.

தெப்பக்குளத்தான்:

சந்தடி சாக்கில் ஒரு கேள்வி. எங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்பு, குழாய் எல்லாம் வெள்ளை பூத்துக் கிடக்கிறது. பிழிந்த மூடியால் தேய்த்தால் போகும் என்கிறார்களே?

மாத்திரை எண்ணுபவன்:

போகும். அது பெரும்பாலும் சுண்ணாம்பு உப்பு, சிட்ரிக் அமிலம் கரைத்துவிடும். மூடியைக் குழாய் வாயில் கவிழ்த்து ரப்பர் பேண்டு போட்டு அரைமணி விட்டுத் தேயுங்கள். அப்புறம் நன்றாக அலசுங்கள். மார்பிள் தரையிலும் மொசைக்கிலும் சொட்டவிட்டால் பளபளப்பு போய்விடும், அதுவும் சுண்ணாம்புக் கல்தானே. முக்கியமாக பிளீச்சிங் பவுடர் போட்ட பாத்ரூமில் எலுமிச்சை வேண்டாம், இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். மூடி தேய்த்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மொட்டை மாடிக்குப் போங்கள்.

புதூர்க்காரி:

இன்று பெரியாஸ்பத்திரி போய் வந்தோம். டாக்டர் அம்மா பார்த்தவுடன் கேட்ட முதல் கேள்வி, "எலுமிச்சையா, நார்த்தங்காயா?" மருந்து எதுவும் எழுதவில்லை, சன்ஸ்கிரீன் மட்டும். சித்திரையில் இப்படி வருவார்களாம், பெரும்பாலும் சர்பத் கடை போடுகிறவர்கள்.

வரும் வழியில் காப்பகத்தில் இறங்கினேன். அந்த அம்மாவிடம் நான் வாய்விட்டு எதுவும் கேட்டிருக்கவில்லை, ஆனால் ஒரு வாரமாக முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தேன். விஷயத்தைச் சொன்னேன். "நானும் நீங்கதான் அடிச்சீங்களோன்னு நெனச்சேம்மா, கேக்கப் பயந்துக்கிட்டு இருந்தேன்" என்றார். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

அடுத்த வருடம் பழத்தை முதல் நாள் ராத்திரியே வீட்டுக்குள் பிழிந்து தூக்குவாளியில் கொண்டுபோவது என்று மதினி சொல்லிவிட்டார். பையனிடம் மட்டும் பிரச்சினை. விலாவில் இருப்பது அழகர் பிடித்த கை என்று தாத்தா சொல்லி வைத்திருக்கிறார். தெருவில் எல்லாருக்கும் சட்டையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு திரிகிறான், வெயிலில்.

மாத்திரை எண்ணுபவன்:

சட்டையை டவுசருக்குள் விட்டு பெல்ட் போட்டுவிடுங்கள் தங்கச்சி.