கிரவல் பில் விஷயம்: புதுப்பிப்பு

போன மாதம் ஒரு கேள்வி கேட்டிருந்தேன். யாழ்ப்பாணத்தில் ஓர் அரச கந்தோரில் வேலை செய்யும் என் மச்சான், கொட்டாத கிரவலுக்குப் பில் போட்டிருப்பதைக் கண்டுவிட்டான். பெயர் வெளியே வராமல் எங்கே சொல்லலாம்? பாதிப் பேர் ‘மொட்டைப் பெட்டிசம் போடு’ என்றீர்கள்.

போடவில்லை. இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்து விசாரித்துவிட்டு, பெயரோடேயே எழுதிக் கொடுத்தான். விளக்கம் கேட்க ஆள் இல்லாத முறைப்பாடு பாதியில் நின்றுவிடும் என்பது அவன் பயம். 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் தகவல் தருபவரைப் பாதுகாக்கிறது. பொய்யென்று தெரிந்தே முறைப்பாடு செய்வதும் அதே சட்டத்தில் குற்றம். இது பலருக்குத் தெரியாது.

எங்களுக்குத் தலையிடி கொடுத்தது பெயர் இல்லை, விவரம். முதல் வரைவில் ‘செவ்வாய்க்கிழமை மேசையில் வைத்துக் கையெழுத்து வாங்கினார்கள்’ என்று எழுதியிருந்தான். அந்த அறையில் இருந்ததே மூன்று பேர்! பெயரை எவ்வளவு பூட்டி வைத்தாலும் அந்த ஒரு வரி போதும், ஆளைக் காட்டிக் கொடுக்க. அதை வெட்டிவிட்டு வவுச்சர் இலக்கம், திகதி, லொறி இலக்கம் மட்டும் வைத்தோம். அவற்றைக் கணக்காய்வுக்கு வருகிற எவரும் கோப்பிலேயே கண்டுபிடிக்கலாம். மூலப் பிரதி எதையும் வீட்டுக்குக் கொண்டுவரவும் இல்லை.

நேற்று கந்தோரில் லொறி ஓட்டப் புத்தகங்களைக் கேட்டிருக்கிறார்களாம். “ஆரோ பெட்டிசம் போட்டிட்டாங்கள், தம்பி” என்று பக்கத்து மேசை அண்ணை இவனிடமே சொல்லியிருக்கிறார். “அப்பிடியோ அண்ணை” என்றுவிட்டுத் தேத்தண்ணி குடித்தானாம்.