விடைபெறும் மிஸ்பா: பாகிஸ்தானின் மிகச் சிறந்த டெஸ்ட் கேப்டனா?

சேப்பாக்கம் கேலரி:
2017 மே 14, ஞாயிறு இரவு தூங்காமல் உட்கார்ந்து பாகிஸ்தான், வெஸ்ட் இண்டீஸ் அணிகளின் டொமினிகா டெஸ்டைப் பார்த்து முடித்தேன். ஆட்டம் முடிய ஒரு ஓவரும் ஒரு பந்தும் பாக்கி. வெஸ்ட் இண்டீஸின் கடைசி ஜோடி. எதிர்முனையில் ராஸ்டன் சேஸ் 101 ரன்னோடு நிற்கிறார். யாசிர் ஷாவின் அந்த ஒரு பந்துக்கு கேப்ரியல் கட்டை போட்டிருந்தால் போதும், கடைசி ஓவரை சேஸ் பார்த்துக்கொண்டிருப்பார். கேப்ரியல் சுழற்றினார். பந்து உள்விளிம்பில் பட்டு ஸ்டம்பைச் சாய்த்தது. தொடர் 2-1. பாகிஸ்தான் 1958 முதல் போய் வந்துகொண்டிருக்கும் கரீபியன் தீவுகளில் இதுதான் முதல் டெஸ்ட் தொடர் வெற்றி. கேப்டன் மிஸ்பா உல் ஹக், மூத்த பேட்ஸ்மேன் யூனிஸ் கான் இருவருக்கும் அதுவே கடைசி நாள்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். பாகிஸ்தானின் மிகச் சிறந்த டெஸ்ட் கேப்டன் மிஸ்பாதான். 56 டெஸ்ட், 26 வெற்றி. இம்ரான் கானுக்கும் ஜாவேத் மியாந்தாதுக்கும் தலா 14 வெற்றிதான். எதிர்க்கருத்து உள்ளவர்கள் வாருங்கள், பேசுவோம்.

தஞ்சை ரமேஷ்:
வந்துவிட்டேன். எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பேசினால் எப்படி அண்ணா? தோல்வி 19 என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இம்ரான் ஆடிய காலத்து வெஸ்ட் இண்டீஸ் எங்கே, இப்போது இருக்கும் வெஸ்ட் இண்டீஸ் எங்கே?

மிஸ்பாவின் பெருமை முழுக்க அமீரகத்தில், துபாய், அபுதாபி, ஷார்ஜாவில் கட்டியது. புழுதி ஆடுகளம், சுழற்பந்து வீச அஜ்மல், அப்துர் ரஹ்மான், அப்புறம் யாசிர். வெளியே போனால் என்ன ஆனது? 2013 ஜோகன்னஸ்பர்க்கில் 49 ரன்னுக்கு ஆல் அவுட், தொடர் 3-0. அதே வருடம் ஹராரேயில் ஜிம்பாப்வேயிடம் டெஸ்ட் தோல்வி. நாலு மாதம் முன்பு ஆஸ்திரேலியாவில் மறுபடியும் 3-0. மெல்போர்னில் 443 ரன் எடுத்து டிக்ளேர் செய்த அணி இன்னிங்ஸ் தோல்வி அடைகிறது! அந்த ஐந்தாம் நாளை என்னால் மறக்க முடியவில்லை.

பேட்டிங்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 162 ஒருநாள் போட்டிகளில் ஒரு சதம்கூட இல்லை. 2011 உலகக் கோப்பை மொஹாலி அரையிறுதியில் 76 பந்தில் 56. ரன் ரேட் எகிறிக்கொண்டே போகிறது, இவர் நின்றுகொண்டே இருக்கிறார். 'டுக் டுக்' என்று அவர் நாட்டு ரசிகர்களே பெயர் வைத்தது சும்மா இல்லை.

பழைய ஸ்கோர்கார்டு:
ரமேஷ் தம்பி, அமீரகக் கதையை நானும் நம்பிக்கொண்டுதான் இருந்தேன். நேற்று தொடர் தொடராக உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். 26 வெற்றியில் அமீரகத்தில் வந்தது 13. வெளியே வந்தது 13. சரிபாதி. வெளியே வந்த 13இல் ஜிம்பாப்வே, வங்கதேசத்தில் வந்த ஐந்தைக் கழித்துவிடுங்கள். மீதி எட்டு: வெஸ்ட் இண்டீஸில் 3, இலங்கையில் 2, இங்கிலாந்தில் 2, நியூசிலாந்தில் 1. 2011 ஜனவரியில் நியூசிலாந்தில் தொடரையே வென்றார்கள், அது யாருக்கும் நினைவில்லை. தென்னாப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பூஜ்யம். அதில் நீங்கள் சொல்வது சரி.

அஜ்மல் விஷயத்தில் ஒன்று. 2014இல் அவருடைய பந்துவீச்சு முறை விதிக்குப் புறம்பானது என்று தடை வந்தது. அடுத்த மாதமே ஆஸ்திரேலியா வருகிறது. யாசிர் ஷாவுக்கு அதுதான் அறிமுகத் தொடர். 2-0 என்று முடிந்தது. ஒரே பந்துவீச்சாளரை நம்பி ஓடிய வண்டி என்றால் அங்கேயே குடை சாய்ந்திருக்க வேண்டும்.

தஞ்சை ரமேஷ்:
பாதிக்குப் பாதி என்பது எனக்குப் புதிது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவரவர் சொந்த மண்ணில் எல்லோரும்தான் ஜெயிக்கிறார்கள். அமீரகத்தில் ஒரு தொடரையும் இழக்கவில்லை என்பதைத் தனிச் சாதனையாக நான் பார்க்கவில்லை.

சேப்பாக்கம் கேலரி:
சொந்த மண்ணா? எது சொந்த மண்? இந்த இடத்தில்தான் எனக்கு மனசு பதறுகிறது. 2009இல் லாகூரில் இலங்கை வீரர்கள் சென்ற பேருந்து சுடப்பட்ட பிறகு, மிஸ்பா கேப்டனாக இருந்த காலம் முழுக்க பாகிஸ்தானில் டெஸ்டே நடக்கவில்லை. மிஸ்பா தலைமை ஏற்ற 56 டெஸ்டில் ஒன்றுகூடச் சொந்த நாட்டில் இல்லை. காலி நாற்காலிகளுக்கு முன்னால் ஆறரை வருடம் ஆடினார்கள். நம் சேப்பாக்கத்தில் ஒரு விக்கெட் விழுந்தால் எழும் சத்தம் பந்துவீசுகிறவனை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். அந்தச் சத்தம் இல்லாமல் 2012இல் உலகின் முதல் இடத்தில் இருந்த இங்கிலாந்தை 3-0 என்று வென்றார்கள். அபுதாபியில் 145 இலக்கு, இங்கிலாந்து 72க்குச் சுருண்டது. துபாயில் முதல் இன்னிங்ஸில் 99க்கு ஆல் அவுட் ஆகியும் ஜெயித்தார்கள்.

அணியை அவர் கையில் கொடுத்த நேரத்தையும் பாருங்கள். 2010 லார்ட்ஸ் நோ பால் சூதாட்டம். கேப்டன் சல்மான் பட், ஆசிப், ஆமிர் மூவரும் வெளியே. உலகமே அந்த அணியைச் சந்தேகத்தோடு பார்த்தது. இங்கிலாந்துப் பயணத்துக்கே எடுக்காமல் விட்ட 36 வயது ஆளைக் கூப்பிட்டுக் கேப்டன் ஆக்கினார்கள். 33 சராசரி வைத்திருந்தவர் கேப்டனாக 51 சராசரியில் ரன் எடுத்தார். 10 சதத்தில் 8 கேப்டனாக அடித்தவை. பொறுப்பு வந்ததும் பேட்டிங் சரிகிற கேப்டன்களை நாம் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்!

கொழும்பு யாழினி:
நான் இலங்கை ரசிகை. தற்காப்பான தலைவர் என்று மிஸ்பாவை யாராவது சொன்னால் 2014 ஜனவரி ஷார்ஜா டெஸ்ட்தான் எனக்கு ஞாபகம் வரும். எங்கள் அணி 1-0 முன்னிலை. சமநிலை போதும் என்று ஓட்டமே எடுக்காமல் நேரத்தைக் கடத்தினார்கள். பார்க்கவே சங்கடமாக இருந்தது. கடைசி நாளில் 59 ஓவர்களில் 302 என்ற இலக்கு. யாரும் துரத்த மாட்டார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். அசார் அலி சதம், மிஸ்பா ஆட்டமிழக்காமல் 68. மங்கும் வெளிச்சத்தில் ஒன்பது பந்து மிச்சம் வைத்து வென்றார்கள். அன்று நான் அழுதேன், ஆனால் வெற்றி அவர்களுக்கே உரியது.

டுக் டுக் என்கிறீர்களே, அதே வருடம் அபுதாபியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 21 பந்தில் அரைச்சதம், 56 பந்தில் சதம். விவ் ரிச்சர்ட்ஸின் சாதனையைச் சமன் செய்தார். வேகமாக அடிக்கத் தெரியாமல் அவர் தட்டிக்கொண்டு நிற்கவில்லை. அவருக்குப் பின்னால் வருகிறவர்கள் பத்து ஓவர் தாங்க மாட்டார்கள் என்று தெரிந்து நின்றார்.

தஞ்சை ரமேஷ்:
யாழினி சொன்ன இரண்டும் உண்மை. ஆனால் அவை விதிவிலக்கு. 2016 எட்ஜ்பாஸ்டனைப் பாருங்கள். முதல் இன்னிங்ஸில் 103 ரன் முன்னிலை. அங்கிருந்து ஃபீல்டர்களைப் பரப்பி விட்டு, இங்கிலாந்தை 445 வரை எடுக்க விட்டார். முடிவில் 141 ரன் தோல்வி. அதை வென்றிருந்தால் அந்தத் தொடரே பாகிஸ்தானுடையது.

இன்னொன்று, எனக்கு இதுதான் பெரிய குறை. 42 வயது தாண்டியும் அவரும், 39 வயதிலும் யூனிஸும் பேட்டிங் வரிசையில் நான்கு, ஐந்தாம் இடங்களை விட்டுக்கொடுக்கவில்லை. நாளைக்கு அந்த இடங்களில் யார்? ஒரு கேப்டன் போகும்போது அணி காலியாகிறது என்றால் அதில் அவருக்கும் பங்கு உண்டு.

பழைய ஸ்கோர்கார்டு:
எட்ஜ்பாஸ்டன் பற்றி மறுப்பில்லை. அந்த நாலாம் நாள் ஃபீல்டிங் அமைப்பு எனக்கும் எரிச்சல் தந்தது. அடுத்த தலைமுறை விஷயத்தில் மட்டும் பழியை அவர் மேல் போட மாட்டேன். நாட்டில் ஆட்டமே நடக்காதபோது சின்னப் பையன்கள் யாரைப் பார்த்து வளர்வார்கள்? அந்த இங்கிலாந்துத் தொடரின் லார்ட்ஸ் டெஸ்டில் 42 வயதில் சதம் அடித்து, ராணுவப் பயிற்சியாளர்களுக்குக் கொடுத்த வாக்குப்படி பத்து தண்டால் எடுத்தாரே, ஆறு வருடம் முன்பு அதே மைதானத்தில்தான் பாகிஸ்தானின் மானம் போனது. ஓவலில் வென்று தொடரை 2-2 ஆக்கிய நாள் ஆகஸ்ட் 14, பாகிஸ்தானின் சுதந்திர தினம்.

சேப்பாக்கம் கேலரி:
2007 டி20 உலகக் கோப்பையில் இந்தியாவுக்கு எதிரான ஜோகன்னஸ்பர்க் இறுதிப் போட்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாலு பந்தில் ஆறு ரன் வேண்டும், மிஸ்பா பின்பக்கம் தூக்கி ஸ்ரீசாந்த் கையில் கொடுத்தார். நம் ஊரில் பலருக்கு மிஸ்பா என்றால் அந்த ஒரு ஷாட்தான். அன்று துள்ளிக் குதித்தவர்களில் நானும் ஒருவன். அப்புறம் 2012 டிசம்பரில் ஒருநாள் போட்டியில் அவர் அணி சேப்பாக்கத்திலேயே நம்மைத் தோற்கடித்தது. தோனி 113 அடித்தும் போதவில்லை. அன்று கேலரியில் எழுந்து நின்று கை தட்டியவர்கள் என்னைச் சுற்றி நிறையப் பேர்.

தஞ்சை ரமேஷ்:
மிகச் சிறந்தவர் இம்ரான்தான், அதில் நான் மாறவில்லை. ஆனால் 'அமீரகத்து கேப்டன்' என்று முன்பு எழுதிக்கொண்டிருந்ததை இனி எழுத மாட்டேன். ஒரு சந்தேகம்: டெஸ்ட் தரவரிசையில் முதல் இடம் வந்தபோது கதாயுதத்தை எங்கே வைத்துக் கொடுத்தார்கள்?

பழைய ஸ்கோர்கார்டு:
லாகூர் கடாஃபி மைதானத்தில், 2016 செப்டம்பரில். கேப்டனாக ஒரு டெஸ்ட்கூட ஆடாத மைதானத்தில் நின்று வாங்கிக்கொண்டார்.