‘செகண்ட்’ என்ற சொல்லால் அசடு வழிந்த அனுபவம் உங்களுக்கும் உண்டா?

நங்கநல்லூர்வாசி:
எங்கள் அடுக்குமாடிச் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டம் வழக்கம்போல மொட்டை மாடியில் நடந்தது. ஒருவருக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் பேச்சு கூடாது என்பதால், கைப்பேசியில் நேரம் பார்க்கும் வேலையை என்னிடம் தந்திருந்தார்கள். தண்ணீர் லாரிக் கட்டணத்தை உயர்த்தும் தீர்மானத்தை ஒருவர் வாசித்து முடித்ததும் செயலாளர் என் பக்கம் திரும்பி, "சார், நீங்க செகண்ட் பண்றீங்களா?" என்றார். நான் கைப்பேசியைப் பார்த்து, "இன்னும் 40 செகண்ட் இருக்கு சார்" என்றேன். கூட்டம் சிரித்தது போகட்டும், தேநீர்த் தட்டுடன் நின்ற காவலாளி கூடச் சிரித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்; அதுதான் இன்றுவரை உறுத்துகிறது. பள்ளிக்கூடத் தமிழ் மன்றத்திலேயே முன்மொழிந்து வழிமொழிந்து பழகியவர்கள் நாம். ‘வழிமொழிகிறீர்களா’ என்று கேட்டிருந்தால் எனக்கு இந்த அவமானம் நேர்ந்திருக்காது.

புரசைவாக்கத்து மருமகன்:
தமிழில் கேட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நங்கநல்லூர்வாசி சொல்வதை நான் ஏற்க மாட்டேன். தலை தீபாவளிக்கு முந்தைய வாரம் தியாகராய நகரில் ‘செகண்ட்ஸ் சேல்’ என்ற பலகையைப் பார்த்து, சில நொடிகளில் முடிந்துவிடப் போகும் தள்ளுபடி என்று எண்ணி, மூன்று சட்டைகளைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் வாங்கிவந்தேன். ஏற்றுமதிக்கு நெய்து, குறை கண்டு கழித்த துணிக்கு அந்தப் பெயர் என்பது எனக்குத் தெரியாது. மாமனாருக்குக் கொடுத்த சட்டையை அவர் டியூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். இடது பைக்குக் கீழே ஓர் இழை விட்டுப்போய், ஒரு சாண் நீளத்துக்கு வெளிச்சம் கோடாகத் தெரிந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல், பழைய மடிப்பிலேயே திரும்ப மடித்து வைத்தார். சரி, கடைக்காரர் அதைத் தமிழில் எப்படி எழுதுவார்? ‘கழிசல்’ என்று எழுதினால் யார் உள்ளே வருவார்கள்?

பெரம்பூர் பயணி:
என் கதை சிறியது. ஆறு மாதத்துக்கு ஓசூர் ஆலைக்கு என்னைச் ‘செகண்ட்’ செய்திருப்பதாக அலுவலகக் கடிதம் வந்தது. இரண்டாம் இடத்துக்கு இறக்கிவிட்டார்கள் என்று நினைத்துவிட்டேன். என் மனைவி அந்தக் கடிதத்தை இரண்டு நாள் சாமி படத்தடியில் வைத்திருந்தாள். மூன்றாம் நாள் மேலாளர் ‘செகாண்ட்’ என்று பின்பாதியை அழுத்திச் சொன்ன பிறகுதான், அது வெறும் அயற்பணி என்பது விளங்கியது.

திருவல்லிக்கேணி தாத்தா:
நீங்கள் மூவரும் வேறு வேறு சொற்களைப் பற்றிப் பேசுவதாக நினைக்கிறீர்கள், வேர் ஒன்றுதான். லத்தீனில் ஒரு மணியை 60 ஆகப் பிரித்ததை முதல் சிறுகூறு என்றும், அதை மறுபடியும் 60 ஆகப் பிரித்ததை இரண்டாம் சிறுகூறு என்றும் அழைத்தார்கள். முன்னதில் ‘சிறு’ என்பது மினிட் ஆகவும், பின்னதில் ‘இரண்டாம்’ என்பது செகண்ட் ஆகவும் தங்கிவிட்டன. ஆக, கடிகாரத்தில் ஓடுவதும் இரண்டாவதுதான். 1967இல் சீசியம் அணுவின் 919 கோடியே 26 லட்சத்து 31 ஆயிரத்து 770 அதிர்வுகள் ஒரு செகண்ட் என்று வரையறுத்த பின்னும் அந்தப் பழைய பெயர் போகவில்லை.

தமிழைப் பெருமையாகச் சொன்னவருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பேத்தியின் ஜாதகத்தில் உதயாதி 12 நாழிகை 40 வினாடி என்று எழுதியிருந்தது. வெளிநாட்டிலிருக்கும் என் மகன் நாழிகையை 24 நிமிடமாகச் சரியாக மாற்றிவிட்டு, வினாடியை மட்டும் செகண்ட் என்று எடுத்துக்கொண்டு கணினியில் ஏற்றினான். பஞ்சாங்க வினாடி நாழிகையில் அறுபதில் ஒன்று, அதாவது 24 செகண்ட். சூரிய உதயத்திலிருந்து 5 மணி 4 நிமிடம் என்று வரவேண்டியது 4 மணி 48 நிமிடம் 40 செகண்ட் என்று வந்தது. லக்னம் ஏறத்தாழ 4 பாகை நகர்ந்துவிட்டது. ஆகையால் பிறந்த நேரத்தைக் கடிகாரக் கணக்கிலும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். செகண்டுக்கு நொடி என்றே எழுதுங்கள். பழைய ஓலையையோ நோட்டையோ படமெடுத்து அனுப்பும்போது எந்தக் கணக்கு என்பதை மேலேயே குறியுங்கள். வரன் பார்க்கும் வீட்டாரிடமும் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

நங்கநல்லூர்வாசி:
ஐயா, என் வீட்டில் இப்போதைக்கு ஜாதகம் பார்க்க ஆள் இல்லை. புரசைவாக்கத்தார் கேட்ட கேள்விக்கும் என்னிடம் விடை இல்லை. இன்று காலை சங்கத்தின் மினிட்ஸ் புத்தகத்தைப் புரட்டினேன். தண்ணீர்க் கட்டண உயர்வுத் தீர்மானத்தின் கீழே, வழிமொழிந்தவர் என்ற இடத்தில் என் பெயரும் வீட்டு எண்ணும் இருக்கின்றன. அந்த உயர்வை எதிர்த்துக் கையெழுத்து வாங்கியவனே நான்தான்.