ஃபர்னிச்சருக்கு ஏன் எஸ் கிடையாது? ஆங்கிலப் பெயர்ச்சொல்லும் முறை மாறும் பன்மைகளும்

வைகைக்கரை:

எஸ்எஸ்சி, வங்கித் தேர்வுகளில் பிழை கண்டுபிடிக்கும் பகுதிக்காகக் கேட்கிறேன். எல்லாக் கைடுகளும் பெயர்ச்சொல் ஐந்து வகை என்றுதான் ஆரம்பிக்கின்றன: ப்ராப்பர், காமன், கலெக்டிவ், மெட்டீரியல், அப்ஸ்ட்ராக்ட். ஒரு சொல் எந்த வகை என்று சொல்லிவிட முடிகிறது. ஆனாலும் விடை தப்பாகிறது.

சேர் என்பது சேர்ஸ் ஆகிறது, ஃபர்னிச்சர் ஆவதில்லை. ஏன்? லீஃப் என்றால் லீவ்ஸ், ரூஃப் மட்டும் ஏன் ரூஃப்ஸ்? கூஸ் என்ற வாத்து கீஸ் ஆகும்போது மங்கூஸ் என்ற கீரி ஏன் மங்கீஸ் ஆகவில்லை? போலீஸ் என்ற சொல்லுக்கு இஸ் வருமா, ஆர் வருமா? இதற்கெல்லாம் காரணம் ஏதாவது உண்டா, இல்லை பட்டியலை மனப்பாடம் செய்வதுதான் ஒரே வழியா?

---

மெய்ப்புத்திருத்தி:

அந்த ஐந்து வகையை ஓரமாக வையுங்கள். அது பொருளைப் பார்த்துப் பிரித்தது. எஸ் போடலாமா கூடாதா என்ற கேள்விக்கு அதில் பதில் கிடைக்காது. உங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு பிரிவு: எண்ண முடிகிற சொல், எண்ண முடியாத சொல். மாணவர்களுக்கான ஆங்கில அகராதிகளில் சொல்லுக்குப் பக்கத்திலேயே கௌண்டபிள், அன்கௌண்டபிள் என்றோ, சுருக்கமாக சி, யு என்றோ போட்டிருப்பார்கள். புதிய சொல்லைப் படிக்கும்போது அர்த்தத்தோடு அந்த எழுத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இதில் நமக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. தமிழில் அஃறிணைக்குப் பன்மை விகுதி கட்டாயமில்லை. "மாடு மேய்ந்தது", "மாடு மேய்ந்தன" இரண்டும் சரி. நன்னூல் இதைப் பால்பகா அஃறிணைப் பெயர் என்கிறது. கடையில் "நாலு இட்லி, ரெண்டு வடை" என்றுதான் கேட்போம், "நாலு இட்லிகள்" என்று கேட்டால் சர்வர் நிமிர்ந்து பார்ப்பார். அந்தப் பழக்கம்தான் "ஃபைவ் கிலோமீட்டர்", "ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்" என்று எஸ் இல்லாமல் வெளிவருகிறது. இன்னொரு பக்கம், தகவல்கள், அறிவுரைகள், செய்திகள் என்று தமிழில் தாராளமாகக் கள் போடுகிறோம். அதையே ஆங்கிலத்துக்குக் கொண்டு போனால் இன்ஃபர்மேஷன்ஸ், அட்வைசஸ் ஆகிவிடுகிறது. போட வேண்டிய இடத்தில் விடுவது, விட வேண்டிய இடத்தில் போடுவது, இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்.

ஃபர்னிச்சர் என்பது ஒரு பொருளின் பெயர் இல்லை, ஒரு குவியலின் பெயர். அதற்குள் இருக்கும் சேர், டேபிள், கட்டில் எல்லாம் எண்ணப்படும், குவியல் எண்ணப்படாது. லக்கேஜ் எண்ணப்படாது, பேக் எண்ணப்படும். ஜுவல்லரி எண்ணப்படாது, ரிங் எண்ணப்படும். மெஷினரி, மெஷின். பொயட்ரி, போயம். சீனரி, சீன். டிராஃபிக், வெஹிக்கிள். இப்படி ஜோடியாகப் படித்தால் நிற்கும். "ரி" என்று முடியும் குவியல் பெயர்கள் நிறைய உண்டு, கட்லரி, க்ராக்கரி, ஸ்டேஷனரி எல்லாம் அந்த வரிசைதான். பேட்டரி, கேலரி, லைப்ரரி அதில் சேராது, அவை தனிப் பொருள்கள். குவியலை எண்ணியே ஆக வேண்டுமென்றால் "எ பீஸ் ஆஃப்" போடுங்கள்: டூ பீசஸ் ஆஃப் அட்வைஸ், த்ரீ பீசஸ் ஆஃப் ஃபர்னிச்சர்.

ஒரே சொல் இரண்டு பக்கமும் நிற்பதுதான் தேர்வில் கண்ணி. பேப்பர் என்றால் காகிதம், எண்ண முடியாது. "எ பேப்பர்" என்றால் செய்தித்தாள், வினாத்தாள், ஆய்வுக்கட்டுரை. ஹேர் என்றால் தலைமுடி முழுவதும், வினை ஒருமை. "டூ வைட் ஹேர்ஸ்" என்றால் இரண்டே இரண்டு நரைமுடி, அது சரியான ஆங்கிலம். காஃபி எண்ண முடியாத சொல், ஆனால் மேசையில் உட்கார்ந்து "டூ காஃபீஸ்" கேட்டால் இரண்டு கப் என்று பொருள், தப்பில்லை. ஃப்ரூட் என்பது பொதுவாகப் பழம் என்னும்போது ஒருமை, வகைகளைச் சொல்லும்போது ஃப்ரூட்ஸ். ஃபிஷ் கதையும் அதேதான்: பத்து மீன் பிடித்தாலும் டென் ஃபிஷ், பல இன மீன்களைப் பற்றிய உயிரியல் பாடத்தில் ஃபிஷஸ்.

போலீசுக்கு எப்போதும் ஆர். கால்நடையைக் குறிக்கும் கேட்டில், மக்களைக் குறிக்கும் பீப்பிள் இரண்டும் அப்படியே. ஒரு ஆளைச் சொல்ல "எ போலீஸ்" என்பது தவறு, "எ போலீஸ் ஆஃபிசர்" என்று வர வேண்டும். டீம், ஜூரி, கமிட்டி போன்றவை இங்கிலாந்தில் இரண்டு விதமாகவும் வரும், அமெரிக்காவில் பெரும்பாலும் ஒருமைதான். நம் தேர்வுத்தாள்கள் எதிர்பார்ப்பது பழைய பிரிட்டிஷ் முறை: ஜூரி ஒருமனதாக முடிவெடுத்தால் வாஸ், தங்களுக்குள் கருத்து வேறுபட்டால் வேர்.

பன்மை வேஷம் போட்ட ஒருமைகளும் உண்டு: நியூஸ், மேத்தமேட்டிக்ஸ், ஃபிசிக்ஸ், மீசில்ஸ், மம்ப்ஸ். இவற்றுக்கு இஸ். வானொலியில் "செய்திகள் வாசிப்பது" என்று கேட்டு வளர்ந்த காதுக்கு "த நியூஸ் ஆர்" சரியாகத்தான் படும், அங்கேதான் மார்க் போகும். சிசர்ஸ், ட்ரவுசர்ஸ், ஸ்பெக்டக்கில்ஸ் நேர்மாறு, தனியே வந்தால் ஆர். "எ பேர் ஆஃப் சிசர்ஸ்" என்று ஆரம்பித்தால் எழுவாய், ஜோடி என்று பொருள்படும் பேர் என்பதால் இஸ்.

---

பழஞ்சொல்தேடி:

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். கூஸ், கீஸ் பக்கம் வருகிறேன், அது எனக்குப் பிடித்த இடம்.

மேன், வுமன், ஃபுட், டூத், கூஸ், மவுஸ், லவுஸ். உள்ளே உயிரெழுத்தை மாற்றிப் பன்மையாகும் வழக்குச் சொற்கள் இந்த ஏழுதான். மவுசின் பன்மை மைஸ், பேனைக் குறிக்கும் லவுசின் பன்மை லைஸ். ஆங்கிலம் எழுதப்படுவதற்கும் முன்பு, அதன் மூதாதை மொழியில் ஃபுட்டின் பன்மைக்கு ஒரு இகர விகுதி இருந்தது, ஃபோத்தி என்பது போல வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரப்போகும் இகரத்துக்காக நாக்கு முன்கூட்டியே முன்னே நகர்ந்ததால் ஓகாரம் ஏகாரத்தின் பக்கம் சாய்ந்தது. பிறகு விகுதி தேய்ந்து விழுந்தது, சாய்ந்த உயிர் மட்டும் மிஞ்சியது. அதுதான் இன்றைய ஃபீட்.

இது நமக்கு அந்நியமான வித்தை இல்லை. இலை என்று எழுதி எலை என்கிறோம். குடம் கொடம் ஆகிறது, புகை பொகை ஆகிறது. பின்னால் வரும் அகரமோ ஐகாரமோ முதல் உயிரைத் தன் பக்கம் இழுக்கிறது. குடி, இடி என்று பின்னால் இகரம் வந்தால் இழுப்பு இல்லை, குடி குடியாகவே நிற்கிறது. பின் உயிர் முன் உயிரை மாற்றுவது என்ற வேலை இரண்டு மொழியிலும் ஒன்று. நாம் பேச்சோடு நிறுத்திக்கொண்டோம், அவர்கள் அதையே பன்மை அடையாளமாக வைத்துக்கொண்டார்கள்.

புக் என்ற சொல்லும் பழைய ஆங்கிலத்தில் இதே கூட்டத்தில்தான் இருந்தது. போக் என்பதற்குப் பன்மை பேச். பிற்காலத்தில் எஸ் கூட்டத்தில் சேர்ந்து புக்ஸ் ஆனது. மங்கூஸ் இந்தக் கூட்டத்தில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அது மராத்தியிலிருந்து போன சொல், கூசுக்கும் அதற்கும் உறவில்லை. பின்னால் வந்த சொல்லுக்கு எஸ்தான், ஆகவே மங்கூசஸ். ஜெர்மன், ரோமன், ஹ்யூமன் இவற்றின் கடைசியில் இருப்பதும் மேன் இல்லை. ஜெர்மன்ஸ், ரோமன்ஸ், ஹ்யூமன்ஸ் என்று எழுதுங்கள். இங்கிலிஷ்மேன், ஃப்ரெஞ்ச்மேன் இரண்டிலும் உண்மையான மேன் இருப்பதால் மென் ஆகும்.

சில்ட்ரன் இரட்டைப் பன்மை. முதலில் சில்டர் என்றாலே பிள்ளைகள்தான். அது பன்மை என்பது மறந்துபோய், மேலே இன்னொரு என் விகுதியை ஒட்டினார்கள். நாம் அவர் என்ற பன்மை மரியாதை ஒருமையாகிவிட்டதும் கள் ஒட்டி அவர்கள் ஆக்கினோமே, அதே கதை. அதனால் சில்ட்ரன்ஸ் என்று எஸ் போட்டால் மூன்றாவது விகுதி. அதுவே "சில்ட்ரன்ஸ் பார்க்" என்று வந்தால் உடைமை, எஸ்ஸுக்கு முன் அபாஸ்ட்ரஃபி குறி வேண்டும்.

லீஃப், ரூஃப் விஷயம். பழைய ஆங்கிலத்தில் இரண்டு உயிருக்கு நடுவே, அல்லது எல் ஒலிக்கும் உயிருக்கும் நடுவே, எஃப் மாட்டினால் அது வி ஒலியானது. தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு லீஃப், லீவ்ஸ் என்று சொல்லிப் பாருங்கள், இரண்டாவதில் அதிர்வு தெரியும். நைஃப், வைஃப், லைஃப், ஹாஃப், காஃப், ஷெல்ஃப், வுல்ஃப், லோஃப், தீஃப், செல்ஃப் எல்லாம் அப்படிப்பட்ட சொந்தச் சொற்கள். சீஃப், ப்ரூஃப், சேஃப், கல்ஃப் பிரெஞ்சு வழியாகப் பின்னால் வந்தவை, எஃப் அப்படியே இருக்கும். இரண்டு எஃப்பில் முடியும் க்ளிஃப், கஃப் போன்றவற்றுக்கும் வெறும் எஸ்தான். ரூஃப் சொந்தச் சொல்லாக இருந்தும் ரூஃப்ஸ் என்றே எழுதப்படுகிறது, இந்த ஒன்றைத் தனியாக நினைவில் வைக்க வேண்டியதுதான். ஸ்கார்ஃப், ஹூஃப், ட்வார்ஃப் இரண்டு விதமும் செல்லும்.

---

இரண்டாம்காபி:

லத்தீன், கிரேக்கப் பக்கத்தை யாரும் தொடலையே. அங்கதான் படிச்சவங்களும் வழுக்குறாங்க.

யுஎஸ்-னு முடிஞ்சாலே ஐ போடணும்னு ஒரு நம்பிக்கை ஓடுது. கேக்டஸ் கேக்டை ஆகும், ஸ்டிமுலஸ் ஸ்டிமுலை ஆகும், சரி. வைரஸ், போனஸ், சென்சஸ், ஸ்டேட்டஸ், பஸ் எல்லாத்துக்கும் ஈஎஸ் மட்டும்தான். ஆக்டோபஸ் கிரேக்கச் சொல், லத்தீன் விகுதியை அதுக்கு ஒட்டறதுக்குக் காரணமே கிடையாது. ஆக்டோபஸஸ்னு எழுதிட்டுப் போங்க.

"ஐ ஆம் அன் அலும்னை" தப்பு. ஒரு ஆண் அலும்னஸ், ஒரு பெண் அலும்னா, கூட்டமா இருந்தா அலும்னை. அதே மாதிரி க்ரைட்டீரியன் ஒண்ணு, க்ரைட்டீரியா பல. ஃபினாமினன் ஒண்ணு, ஃபினாமினா பல. பாக்டீரியா பன்மை, மீடியா பன்மை. டேட்டா மட்டும் ரெண்டுங்கெட்டான்: ஆய்வுக்கட்டுரையில் ஆர், கம்ப்யூட்டர் பேச்சில் இஸ், ரெண்டும் நடக்குது.

ஐஎஸ் என்று முடியறது ஈஎஸ் ஆகும்: க்ரைசிஸ், தீசிஸ், அனாலிசிஸ். பன்மையில் கடைசி அசையை சீஸ்-னு நீட்டிச் சொல்லணும், க்ரைசீஸ். எழுத்தில் ஒரே எழுத்துதான் மாறுது, அவசரத்தில் கண்ணு அதைத் தாண்டிப் போயிடும்.

பொருளைப் பொறுத்துப் பன்மை பிரியற சொல் கொஞ்சம் இருக்கு. பூச்சியின் மீசை ஆன்டெனீ, ரேடியோ கம்பி ஆன்டெனாஸ். புத்தகத்தின் கடைசியில் வர்ற இன்டெக்ஸ் இன்டெக்ஸஸ், கணக்கில் வர்றது இன்டிசிஸ். நூலின் பின்னிணைப்பு அப்பெண்டிசிஸ், குடல்வால் அப்பெண்டிக்ஸஸ். முன்னதை எழுதும்போது கவனம், குடல்வால் வீக்க நோயின் பெயரை எழுதிடப் போறீங்க.

ஓ-வில் முடியறதுக்கு எளிய வழி. ஓ-வுக்கு முன்னால் உயிரெழுத்து இருந்தா வெறும் எஸ்: ரேடியோ, ஸ்டூடியோ, வீடியோ, பேம்பூ. வெட்டிச் சுருக்கின சொல்லுக்கும் எஸ்: ஃபோட்டோ, கிலோ, ஆட்டோ. இத்தாலிய இசைச் சொல்லுக்கும் எஸ்: பியானோ, சோலோ. ஈஎஸ் கட்டாயம்னு பார்த்தா பொட்டேட்டோ, டொமேட்டோ, ஹீரோ, எக்கோ, வீட்டோ, டார்ப்பிடோ, இன்னும் சிலது, அவ்வளவுதான். மாங்காய் போர்த்துகீசியர் வாயில மாங்கா ஆகி ஆங்கிலத்தில மேங்கோ ஆச்சே, அதுக்கு எஸ், ஈஎஸ் ரெண்டும் செல்லும். மஸ்கிட்டோ, வால்கேனோ, பஃபலோவும் அப்படித்தான். பன்மையில் இந்த ஈ வர்றதால ஒருமையிலயும் இருக்கும்னு நினைக்கிறது உலகம் முழுக்க உண்டு. 1992 ஜூனில் அமெரிக்கத் துணை அதிபர் டான் குவேல் நியூஜெர்சி பள்ளி ஒண்ணுல, சரியா எழுதின மாணவனை பொட்டேட்டோ கடைசியில் ஒரு ஈ சேர்க்க வெச்சார். பத்திரிகைகள் விடவே இல்லை.

இன்னொண்ணு: சிஹெச் முடிவுக்கு ஈஎஸ்-னு பாட்டு மாதிரி சொல்லித் தர்றாங்க. ச ஒலி இருந்தாத்தான் ஈஎஸ்: பெஞ்சஸ், மேட்சஸ். க ஒலியா இருந்தா எஸ்: ஸ்டமக்ஸ், மோனார்க்ஸ். எழுத்தைப் பார்க்காதீங்க, ஒலியைக் கேளுங்க.

---

வைகைக்கரை:

அனைவருக்கும் நன்றி. இரண்டு சின்னச் சந்தேகம். "ஃபைவ் இயர்ஸ் ப்ளான்" சரியா? மதர்-இன்-லாவுக்கு எஸ் எங்கே வரும்?

---

மெய்ப்புத்திருத்தி:

ஃபைவ் இயர் ப்ளான், நடுவில் சிறுகோடு போட்டு. அளவு சொல் இன்னொரு பெயருக்கு முன்னால் அடைமொழியாக நின்றால் எஸ் உதிர்ந்துவிடும்: டென் ருபீ நோட், டூ ஹவர் எக்ஸாம். அதுவே பின்னால் தனியாக நின்றால் வந்துவிடும், "த எக்ஸாம் லாஸ்ட்ஸ் டூ ஹவர்ஸ்". ஸ்போர்ட்ஸ் டே, சேவிங்ஸ் பேங்க் போன்றவற்றில் எஸ் ஒட்டிக்கொண்டே இருக்கும், அவை அளவுகள் இல்லை.

கூட்டுச்சொல்லில் ஆள் யாரோ அவருக்கு எஸ். மதர்ஸ்-இன்-லா, பாசர்ஸ்-பை, கமாண்டர்ஸ்-இன்-சீஃப். க்ரோன்-அப் போல உள்ளே பெயர்ச்சொல்லே இல்லையென்றால் கடைசியில், க்ரோன்-அப்ஸ். உடைமை மட்டும் எப்போதும் கடைசியில்தான், மாமியாரின் வீடு மதர்-இன்-லா'ஸ் ஹவுஸ். முன்னால் மேனோ வுமனோ வந்தால் இரண்டு பக்கமும் மாறும்: வுமன் டாக்டர், பன்மையில் விமின் டாக்டர்ஸ். ஆம், விமின்தான். எழுத்தில் மாறுவது இரண்டாம் அசை, வாயில் மாறுவது முதல் அசை. நம்மில் பலர் இரண்டையும் வுமன் என்றே சொல்வதால் எழுதும்போதும் ஏ, ஈ குழம்பிவிடுகிறது. சொல்லும்போது வி என்று ஆரம்பித்தால் ஈ எழுதுங்கள்.