கப் வேண்டாம் என்று சொன்னால் என்ன தவறு?

நீர்முள்ளி:
மாதவிடாய் ரத்தத்தைப் பிடிக்க மடித்து உள்ளே வைக்கும் சின்னக் கிண்ணம்தான் மாதவிடாய் கப். அதைப் பற்றி எங்கே பேச்சு எடுத்தாலும் ஒரே பாட்டுதான். "வாழ்க்கையே மாறிவிடும், இன்னுமா பேட் வைக்கிறீர்கள்?" என்கிறார்கள். எனக்கு ஒத்துவரவில்லை என்று ஒருத்தி சொன்னால், "சரியாக மடித்து வைத்திருக்க மாட்டீர்கள்" என்று அவள் தலையிலேயே பழியைப் போடுகிறார்கள். நான் பல மாதம் பயன்படுத்திவிட்டு நிறுத்தியவள். மடிக்கத் தெரியும், உள்ளே முழுதாக விரிந்ததா என்று விரலால் சுற்றிப் பார்க்கவும் தெரியும். ஆனாலும் கப் உள்ளே இருக்கிற வரை அடிவயிற்றில் ஓர் அழுத்தம், சிறுநீர் முழுதாகப் போகாத மாதிரி ஓர் உணர்வு. எடுத்தால் சரியாகிவிடும். அதோடு மல்லுக்கட்ட எனக்கு விருப்பமில்லை.

கப் கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. பக்கவிளைவே கிடையாது என்று சொல்லிக் கொடுப்பதுதான் கெட்டது. 2025 பிப்ரவரியில் பிஎம்ஜே கேஸ் ரிப்போர்ட்ஸ் என்ற மருத்துவ இதழில் டென்மார்க்கைச் சேர்ந்த, முப்பதுகளில் இருந்த ஒரு பெண்ணைப் பற்றிய குறிப்பு வந்தது. சரியான இடத்தில் உட்காராத கப், சிறுநீரகத்திலிருந்து மூத்திரப்பைக்கு வரும் சிறுநீர்க்குழாயை அழுத்தி, சிறுநீரகம் வீங்கும் அளவுக்கு நீர் தேங்கியிருக்கிறது. இதையெல்லாம் யார் நமக்குச் சொல்கிறார்கள்?

செம்பருத்தி:
தோழி, உங்களுக்கு ஒத்துவரவில்லை என்றால் விட்டுவிடுங்கள், அதில் யாருக்கும் வழக்கு இல்லை. ஆனால் ஒரே ஒரு நோயாளியின் கதையை முன்னால் தூக்கி வைத்தால், இதைப் படிக்கும் பத்துப் பேர் பயந்து பின்வாங்குவார்கள். அபூர்வம் என்பதால்தான் அது மருத்துவ இதழில் வந்தது.

2019-இல் லான்செட் பப்ளிக் ஹெல்த் இதழில் 43 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு வெளியானது. மொத்தம் 3,300-க்கும் மேற்பட்ட பெண்கள். பேடோடும், உள்ளே வைக்கும் பஞ்சு உருளையான டாம்பானோடும் ஒப்பிட்டுப் பார்த்ததில் கசிவு அதே அளவு அல்லது அதைவிடக் குறைவு. பயன்படுத்திப் பார்த்தவர்களில் சுமார் 70 சதவீதம் பேர் தொடர விரும்பினார்கள். இது நேற்று முளைத்த மோகமும் இல்லை. 1937-லேயே லியோனா சால்மர்ஸ் என்ற அமெரிக்க நடிகை ரப்பர் கப்புக்குக் காப்புரிமை வாங்கினார். இரண்டாம் உலகப் போரில் ரப்பர் தட்டுப்பாடு வந்ததால்தான் அப்போது உற்பத்தி நின்றுபோனது.

என் கதையையும் சொல்கிறேன். எனக்கு உதிரப்போக்கு மிக அதிகம். நின்றுகொண்டே செய்யும் வேலை. இரண்டாம் நாள் மதியத்துக்குள் தொடையிடுக்கு உரசிப் புண்ணாகி, நடக்கும்போது காலை அகட்டித்தான் வைக்க வேண்டியிருக்கும். அதைப் பார்த்துச் சிரித்தவர்களும் உண்டு. கப் வந்த பிறகு அந்தப் புண் போன இடம் தெரியவில்லை. இரவில் திரும்பிப் படுக்கப் பயம் இல்லை. இதை நாலு பேரிடம் சொல்லக் கூடாதா?

நீர்முள்ளி:
சொல்லுங்கள், தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் நீங்கள் கொடுத்த கணக்கையே திருப்பிப் பாருங்கள். நூற்றுக்கு 70 பேர் தொடர விரும்பினார்கள் என்றால், பத்தில் மூன்று பேருக்கு அது வேண்டாம் என்றுதானே அர்த்தம்? அதுவும் முயன்று பார்க்க முன்வந்தவர்களில். அந்த மூன்று பேரும் மடிக்கத் தெரியாதவர்களா?

மூன்றாம்பிறை:
நான் ஒரு தாயாகக் கேட்கிறேன். மகளுக்கு 15 வயது, நீச்சல் பயிற்சிக்குப் போகிறாள். மாதத்தில் சில நாள் பயிற்சிக்குப் போக முடியாமல் அழுகிறாள். சக மாணவி யாரோ கப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். எனக்கு மனசு ஒப்பவில்லை. திருமணமாகாத பெண் உள்ளே வைக்கும் பொருளைப் பயன்படுத்தலாமா? கன்னித்திரை கிழிந்துவிடாதா? கோபப்படாமல் பதில் சொல்லுங்கள்.

செம்பருத்தி:
அம்மா, கோபம் எதற்கு? ஆனால் அந்தப் பயத்துக்காக ஒரு பெண் நீச்சலை விடுவது எனக்கு வலிக்கிறது. கன்னித்தன்மையை உடம்பைப் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. அந்தப் பரிசோதனைக்கு மருத்துவ அடிப்படை எதுவும் இல்லை, அதை நிறுத்த வேண்டும் என்று 2018-இல் உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் மகளிர் அமைப்பும் மனித உரிமை அலுவலகமும் சேர்ந்தே கேட்டுக்கொண்டன.

அல்லி:
நான் பெண்கள் வார்டில் பல வருடமாகச் செவிலியாக இருக்கிறேன். இங்கே இரண்டு பக்கமும் பாதிதான் சொல்கிறீர்கள் என்று படுகிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் மூன்றாம்பிறை அம்மாவுக்கு. கன்னித்திரை என்பது வாயை மூடி நிற்கும் தோல் இல்லை. யோனியின் வாயைச் சுற்றி இருக்கும் மெல்லிய, நெகிழும் சதை விளிம்பு அது. மூடியிருந்தால் மாதவிடாய் ரத்தமே வெளியே வராது. அப்படி உண்மையிலேயே மூடிப் பிறக்கும் குழந்தைகளுக்குச் சின்ன அறுவை சிகிச்சை செய்ய வேண்டியிருக்கும். கப் வைக்கும்போது அந்த விளிம்பு விரியலாம், சிலருக்கு லேசாகக் கிழியவும் செய்யலாம். மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் அதனால் உடம்புக்கு ஒரு குறையும் வராது. மேற்குக் கென்யாவில் 14 முதல் 16 வயது மாணவியருக்குக் கப் கொடுத்துச் செய்த ஆய்வு 2016-இல் வெளியானது. பேட் பயன்படுத்திய மாணவியரைவிடக் கப் பயன்படுத்தியவர்களிடம் யோனியில் பாக்டீரியா சமநிலை குலைவது குறைவாகவே இருந்தது. அதனால் வயது ஒரு தடை இல்லை. அவளுக்கே விருப்பம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

அடுத்து நீர்முள்ளிக்கு. நீங்கள் சொன்ன அழுத்தம் கற்பனை இல்லை. யோனியின் முன்சுவருக்கு அந்தப் பக்கம்தான் மூத்திரப்பையும் அதன் குழாயும் இருக்கின்றன. கெட்டியான கப், அல்லது உடம்புக்குப் பெரிய அளவு கப், அதை அழுத்தும். மிருதுவான சின்ன கப் சிலருக்குச் சரிப்படும், சிலருக்கு அதுவும் சரிப்படாது. ஆனால் இடுப்புப் பக்கம் வலியோ மூத்திரத்தில் ரத்தமோ வந்தால் கப்பை எடுத்துவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும். ஸ்கேன் எடுக்கும்போது, நான் கப் பயன்படுத்துகிறேன் என்று வாய்விட்டுச் சொல்லவும் வேண்டும். பல பேர் கூச்சப்பட்டுச் சொல்வதே இல்லை.

இப்போது செம்பருத்திக்கு. கருத்தடைக்காகக் கர்ப்பப்பைக்குள் காப்பர் டி வைத்திருப்பவர்கள் பற்றி ஏன் ஒரு வரிகூட இல்லை? நீங்கள் சொன்ன அதே லான்செட் ஆய்வில், கப் பயன்படுத்திய 13 பேருக்குக் கருத்தடைச் சாதனம் இடம் பெயர்ந்தது பதிவாகியிருக்கிறது. எடுக்கும் விதமும் அதற்குக் காரணமாக இருக்கலாம். கப் உள்ளே காற்றுப் புகாமல் ஒட்டி நிற்கிறது. கப்பின் அடியில் இருக்கும் காம்பைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தால் உள்ளே இருப்பதையும் சேர்த்து இழுக்கும். விரலை மேலே விட்டு, கப்பின் அடிப்பாகத்தை இரண்டு விரலால் கிள்ளுங்கள். காற்று புகும்போது ஒட்டியிருந்த பிடி விடுவது விரலுக்கே தெரியும். அப்புறம்தான் மெதுவாக அசைத்து அசைத்து இறக்க வேண்டும். பிரசவத்துக்குப் பின் தசை தளர்ந்திருப்பவர்கள், கர்ப்பப்பை இறக்கம் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

டாக்சிக் ஷாக் பற்றியும் கேட்பீர்கள். கிருமியின் நச்சு உடம்பெங்கும் பரவி உயிருக்கே ஆபத்தாவதுதான் அது. அந்தத் தொகுப்பாய்வில் ஐந்து பேருக்கு வந்ததாகக் குறிப்பு இருக்கிறது. மிக அபூர்வம், ஆனால் பூஜ்யம் இல்லை. 2018-இல் பிரான்சின் லியோன் நகரத்து ஆய்வகத்தில் பார்த்தபோது கப்பின் மேல் அதை உண்டாக்கும் ஸ்டாஃப் கிருமி படலமாக ஒட்டி வளர்ந்தது. தண்ணீரில் அலசினால் மட்டும் அது போகவில்லை. அதனால் இரண்டு கப் வைத்துக்கொண்டு மாற்றிப் போடுவதும், கழற்றியதைக் கொதிநீரில் போட்டு எடுப்பதும் நல்லது. திடீரென்று கடும் காய்ச்சல், வாந்தி, வெயிலில் கருகியது போலத் தோல் சிவப்பது, தலைசுற்றல், இவை வந்தால் கப்பைக் கழற்றிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். காலை வரை காத்திருக்காதீர்கள்.

செம்பருத்தி:
அல்லி அக்கா, எடுக்கும் முறையை இவ்வளவு தெளிவாக யாரும் எழுதி நான் படித்ததில்லை, நன்றி. ஆனால் ஒன்றில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆபத்துகளை இப்படி அடுக்கும்போது, பேட் ஏதோ ஆபத்தே இல்லாத பொருள் மாதிரி ஆகிவிடுகிறது. உரசிப் புண்ணாவது, ஈரத்தில் அரிப்பு, நாள் முழுக்க மாற்ற வழியில்லாமல் ஒரே பேடில் உட்கார்ந்திருப்பது எல்லாம் அன்றாடம் நடக்கிறது. நமக்குப் பழகிப்போனதால் அதை யாரும் பக்கவிளைவு என்று சொல்வதில்லை.

நீர்முள்ளி:
இது நியாயமான பேச்சு.

குயில்தோப்பு:
எல்லாரும் உடம்பைப் பற்றியே பேசுகிறீர்கள். கழிப்பறையைப் பற்றி யாராவது பேசுங்கள். நான் வேலை செய்யும் இடத்தில் கழிப்பறைக்குள் குழாய் இல்லை. கை கழுவும் தொட்டி வெளியே, எல்லாரும் நடமாடும் இடத்தில். உள்ளே கப்பைக் கழற்றினால் ஒரு கை முழுக்க ரத்தம், இன்னொரு கையில் நிறைந்த கப். தாழ்ப்பாளை எந்தக் கையால் திறப்பது? கதவுக்குப் பின்னால் பையை மாட்ட ஆணிகூட இல்லை. கப் 12 மணி நேரம் தாங்கும் என்கிறார்கள், உதிரப்போக்கு அதிகம் உள்ளவளுக்கு நாலு மணி நேரத்தில் நிறைந்துவிடுகிறது. தண்ணீரும் தனிமையும் இல்லாத பெண்களிடம் கப்பைக் கொடுத்துவிட்டுச் சுகாதாரம் என்று சொல்வது எப்படிச் சரியாகும்?

செம்பருத்தி:
சின்னத் தண்ணீர் பாட்டிலை உள்ளே கொண்டுபோகலாம். அதுவும் இல்லையென்றால் கப்பைத் தாளால் துடைத்து மறுபடி வைத்துவிட்டு, வீட்டுக்குப் போனதும் கழுவலாம். கையைச் சுத்தமாகக் கழுவிவிட்டு உள்ளே போவதுதான் முக்கியம்.

குயில்தோப்பு:
துடைத்த தாளை எங்கே போடுவது? ரத்தக் கையோடு பாட்டில் மூடியைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? வழி இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த வழி எல்லாமே பெண்ணே சமாளிக்க வேண்டியதாக இருக்கிறது. குழாய் வைக்க வேண்டியவர்கள் வைக்கட்டும், அப்புறம் கப்பைப் பரிந்துரைக்கட்டும்.

செம்பருத்தி:
குழாய் வரும் வரை அவள் காத்திருக்க வேண்டுமா? அதே கழிப்பறையில் பேட் மாற்றுவதும் சுகமாகவா இருக்கிறது? பயன்படுத்திய பேடைப் போடத் தொட்டி இல்லாமல் தாளில் சுற்றிப் பைக்குள் வைத்து வீட்டுக்குத் தூக்கி வருபவர்கள் எத்தனை பேர்! கப் இருந்தால் பல நாள் வெளிக் கழிப்பறையில் கழற்றவே வேண்டாம். காலையில் ஒரு தடவை, இரவில் ஒரு தடவை, அவ்வளவுதான். அப்புறம் குப்பையையும் நினைத்துப் பாருங்கள். நல்ல சிலிக்கான் கப் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் பத்து வருடம் வரை உழைக்கும். கடையில் வாங்கும் பெரும்பாலான பேடில் பிளாஸ்டிக் படலம் இருக்கிறது.

நீர்முள்ளி:
குப்பை என்று சொன்னதும் எனக்குக் கோபம் வருகிறது. பூமியைக் காப்பாற்றும் பொறுப்பை என் மாதவிடாய் மேல் ஏற்றாதீர்கள். மக்கும் பேட் செய்யச் சொல்லி உற்பத்தி செய்பவர்களைக் கேளுங்கள். வலியோடு இருப்பவளிடம் போய் நீ போடும் பேட் மக்காது என்றால், அவள் குற்ற உணர்ச்சியில்தான் கப்பைத் தொடுவாள். எனக்கு நடந்தது அதுதான்.

செம்பருத்தி:
சரி. குற்ற உணர்ச்சியை ஊட்டி யாரையும் மாற்றக் கூடாது, இதில் உங்களோடு நிற்கிறேன். ஆனால் கப்பினால் இன்னொரு பலன் உண்டு, அதை யாரும் சொல்லவில்லை. எனக்கு எவ்வளவு ரத்தம் போகிறது என்று கண்ணால் பார்த்தது கப்பில்தான். கப்பின் பக்கத்தில் மில்லிக் கோடு இருக்கிறது. ஒரு மாதவிடாயில் 80 மில்லிக்கு மேல் போனால் அதிகம் என்பது மருத்துவக் கணக்கு. நான் குறித்து வைத்துக் கூட்டினால் அதைத் தாண்டி எங்கேயோ போனது. அதுவரை, "எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும், சமாளித்துக்கொள்" என்றே கேட்டு வளர்ந்தவள் நான். குறிப்பை டாக்டர் முன்னால் வைத்த பிறகுதான் ரத்தப் பரிசோதனை எழுதினார்கள். ரத்தசோகை இருந்தது.

அல்லி:
இது பெரிய விஷயம் அம்மா. வருபவர்களிடம் எத்தனை பேட் ஆகிறது என்றுதான் நாங்கள் கேட்கிறோம். ஆனால் பேட் அட்டையில் போடும் கொள்ளளவையும் அப்படியே நம்ப முடியாது. தண்ணீரிலோ உப்புநீரிலோ அளப்பதுதான் வழக்கமாக இருந்தது. 2023-இல் ஓர் அமெரிக்க ஆய்வு ரத்தத்தையே ஊற்றிப் பார்த்தது. அட்டையில் போட்டிருப்பதைவிடப் பெரும்பாலான பொருள்கள் குறைவாகவே தாங்கின. கோடு போட்ட கப் இருந்தால் பாதி வேலை முடிந்தது. கப் வேண்டாதவர்கள், பேட் எந்த மணிக்கு நனைந்து மாற்றினீர்கள் என்று எழுதிக்கொண்டு வந்தாலும் போதும். ஒரு மணி நேரத்துக்கு ஒன்று என்று தொடர்ந்து நனைந்தால் தாமதிக்கவே கூடாது.

நீர்முள்ளி:
நேரத்தைக் குறித்து வைக்கும் யோசனை எனக்கு உதவும். கப்புக்குத் திரும்பப் போவதில்லை.

மூன்றாம்பிறை:
இங்கே வந்ததையெல்லாம் மகளிடமே படிக்கக் கொடுத்தேன். எனக்கு இன்னும் முழுதாக மனசு ஆறவில்லை, அது என் பாடு. அவள் கன்னித்திரை பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நீந்தும்போது தண்ணீர் உள்ளே போய்க் கப் நிறைந்துவிடுமா, குதிக்கும்போது நழுவுமா என்றுதான் கேட்கிறாள்.

அல்லி:
நன்றாக விரிந்து ஒட்டியிருந்தால் இரண்டும் நடக்காது. துளி தண்ணீர் போனாலும் கெடுதல் இல்லை. தண்ணீரில் இறங்கும் முன் காலி செய்து கழுவி வைத்துக்கொள்ளட்டும். சின்ன அளவு, மிருதுவான வகையாகப் பாருங்கள். முதல் தடவை பயிற்சி நாளில் வேண்டாம், வீட்டில் அவசரமில்லாத நாளில், உதிரப்போக்கு இருக்கும்போதே போட்டுப் பார்க்கட்டும். தண்ணீரில் கரையும் ஜெல் கொஞ்சம் விளிம்பில் தடவினால் எளிதாகப் போகும். வலித்தால் நிறுத்திவிட்டு அடுத்த மாதம் பார்க்கலாம். எடுக்க வரவில்லை என்று பதறினால் குந்தி உட்கார்ந்து, மலம் கழிக்க முக்குவதுபோல லேசாக முக்கச் சொல்லுங்கள். கப் தானாகக் கீழே இறங்கி விரலுக்கு எட்டும்.