பட்டறையில் புல்லட் பாகங்கள் திருட்டு: நஷ்டஈடு கிடைக்குமா?

கேள்வி (பெரம்பூர்): ரீஸ்டோர் செய்ய விட்ட 1972 புல்லட்டின் அமால் கார்புரேட்டரும் ஸ்மித்ஸ் ஸ்பீடோமீட்டரும் பட்டறையில் இரவில் திருடு போய்விட்டன. ‘பொருட்களுக்கு நாங்கள் பொறுப்பல்ல’ என்ற போர்டைக் காட்டுகிறார் உரிமையாளர். என்ன செய்யலாம்?

பதில் 1: போர்டு மாட்டினால் மட்டும் பொறுப்பு போய்விடாது, சார். ஒப்பந்தச் சட்டம் (1872) 151-ஆம் பிரிவுப்படி, ஒப்படைத்த பொருளை, சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் பொருளைப் பாதுகாப்பதுபோலப் பாதுகாக்க வேண்டும். அப்படிப் பாதுகாத்தும் போனால் 152 அவரைக் காப்பாற்றும். ஆகவே வழக்கே பூட்டு, ஷட்டர், காவலாளைப் பொறுத்தது. இன்றே படம் எடுங்கள். கேமரா பதிவு சில நாளில் அழிந்துவிடும், எழுத்தில் கேளுங்கள்.

பதில் 2: போலீஸில் சி.எஸ்.ஆர். ரசீதோடு (புகார் பெற்றதற்கான சீட்டு) திரும்பாதீர்கள், எஃப்.ஐ.ஆர். வாங்குங்கள் (திருட்டு: பி.என்.எஸ்., அதாவது பாரதிய நியாய சன்ஹிதா, பிரிவு 303). பாகத்தின் எண், கீறல், படம் கொடுத்தால்தான் புதுப்பேட்டை பழைய பாகக் கடைகளில் அடையாளம் காண முடியும். இன்சூரன்ஸை நம்ப வேண்டாம். வண்டி போகாமல் துணைப்பாகம் மட்டும் போனால் டூவீலர் பாலிசியில் பொதுவாகக் கிடைக்காது.

பதில் 3: ஜாப் கார்டு (வண்டி விட்டதற்குப் பட்டறை தரும் சீட்டு) இல்லையா? வண்டி விட்ட நாளின் வாட்ஸ்அப் படங்களும் ஜிபே கணக்கும் சாட்சி. பழைய பாகத்துக்கு இரண்டு கடைகளில் எழுத்து மதிப்பீடு வாங்கி, 15 நாள் கெடு வைத்து நோட்டீஸ் அனுப்புங்கள். பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம், 2 ஆண்டுக்குள். கொடுத்த கூலி 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை.